ஆறரை இஞ்சு

தேருக்கு மறுநாள் ரத்ததான முகாமில்
ஒரு பாட்டில் கொடுத்தேன், மாம்பழ ஜூஸ் குடித்தேன்.
பத்தாம் நாள் தபால் வந்தது:
இனிமேல் கொடுக்க வேண்டாம், நேரில் வரவும்.
அப்போது எனக்கு நாற்பத்தொன்று.

மஞ்சக்காமாலை என்றால் கண்ணில் தெரியும் என்றிருந்தேன்.
இது தெரியாத ரகம்.
எங்கே தொற்றியிருக்கும் என்று டாக்டர் மெஹருன்னிசா கேட்டார்.
நான் என்ன சொல்ல?
திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கு ஊர் ஏது.
ராய்ப்பூர், பஸ்தர், ஜான்சி, நாந்தேடு.
பதினொரு பேருக்கு ஒரே சவரக்கத்தி.
காய்ச்சலுக்கு ஊசி போட்டவன்
அதையே வெந்நீரில் ஆட்டிவிட்டு
அடுத்தவன் கையைப் பிடித்தான்.
ஆயிரம் அடிக்குக் கீழே
எந்த ஊற்று எங்கிருந்து வருகிறது என்று
எவன் சொல்லியிருக்கிறான்?

துளசிமணிக்கு ரத்தம் பார்த்தார்கள். இல்லை.
பிள்ளைகள் இருவருக்கும் மும்மூன்று ஊசி.
சோத்துல ஒட்டாதுங்க என்று டாக்டரே சொன்ன பிறகும்
ஒறம்பரை வந்தால்
என் டம்ளர் எப்படியோ
தனியாகப் போய் நின்றுகொள்ளும்.

ஆறு வருசமாய் ஈரலுக்குத்தான் காவல்.
தினம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கொரு ஸ்கேன்.
இந்த முறை பேனாவை மூடாமலே சொன்னார்:
பெருங்குடலையும் ஒருதரம் பாத்துரலாமுங்க.
ஈரல்ல குடியிருக்கறவனுக்கு அங்க என்னங்க வேலை?
கட்டி வர வாய்ப்புக் கொஞ்சம் கூட என்கின்றன சில ஆய்வுகள்,
சில அப்படிச் சொல்லவில்லை.
இதனால்தான் அது என்று யாரும் கையெழுத்துப் போடவில்லை.
வயசும் நாற்பத்தேழு ஆச்சு, உங்க அப்பாவுக்கு?
அப்பன் எதில் செத்தான் என்று யார் பார்த்தது.
வயித்துவலி என்றார்கள். அடக்கம் பண்ணிவிட்டோம்.

முந்தின ராத்திரி
இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணி,
எலுமிச்சை வாசம் பூசிய கடல்.
சந்துக்குள் தறி ஓடி ஓடி
நான் ஓடிய கணக்கை வைத்துக்கொண்டது.
விடியும்போது வயிறு புதுக் கேசிங் பைப்.

ஈரோடு, பெருந்துறை ரோடு, மூன்றாம் மாடி.
பாதி மயக்கம்தான். திரை தெரிந்தது.
போர்க்குழிக்குள் கேமரா இறக்கி ஊற்று தேடும்
எங்கள் வண்டிப் பையன் குப்புராசு ஞாபகம்.
அதே வட்ட வெளிச்சம், அதே ஈரச் சுவர்,
நிறம்தான் இளஞ்சிவப்பு.
எத்தனை அடி என்று கேட்டேனாம்.
நர்ஸ் சிரித்ததாம்.

இருபத்தாறு வருசம் ஆறரை இஞ்சுத் துளை போட்டவன் நான்.
எண்ணூறு, ஆயிரம், ஆயிரத்து இருநூறு.
வெள்ளைப் புழுதி, கரும்புழுதி, மறுபடி வெள்ளை.
நகையை அடகு வைத்தவன் முகத்துக்கு நேரே
ஒண்ணுமில்லீங் என்று சொல்லிவிட்டு
ராடு கழற்றுவதுபோல் திரும்பிக்கொள்வேன்.
உலகத்திலேயே கெட்ட சொல் அதுதான் என்றிருந்தேன்.

அந்த மேசையில், ஒருக்களித்து, முழங்கால் மடக்கி,
அர்த்தனாரீசுவரா, அந்தச் சொல்லைச் சொல்ல வை
என்று கிடந்தேன்.

சொல்லவில்லை.
இரண்டு மொட்டு.
ஒன்று மிளகளவு, இன்னொன்று ஆமணக்கு விதை.
கம்பி வளையம் சுருக்கி அறுத்தெடுத்து
குப்பியில் போட்டு என் பெயர் ஒட்டினார்கள்.
சதைப் பரிசோதனைக்குப் பத்து நாள்.
வைரஸா, வயசா, அப்பனா,
இத்தனை வருசத் தாபாச் சோறா?
எந்த ஊற்று என்று மெஹருன்னிசாவும் கையை விரித்தார்.
விட்டிருந்தா வளந்திருக்கலாம். எடுத்தாச்சுங்க.

இன்று ஏழாம் நாள்.
வண்டி நாளைக்கு பஸ்தர் கிளம்புகிறது, நான் இல்லாமல்.
எனக்குப் பதில் ஏறுபவனுக்கும் சேர்த்துப்
பதினொரு ரேசர் வாங்கி
ஒவ்வொன்றிலும் மார்க்கரில் பெயர் எழுதினேன்.
பேரெல்லாம் எதுக்குங்ண்ணா என்று குப்புராசு சிரித்தான்.
கம்ப்ரசருக்கு எண்ணெய் பார்த்தேன். டயரைத் தட்டினேன்.
சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

கேஸ் சிலிண்டர் பதிவாகிவிட்டதாம்.